பிலிப்பைன்ஸின் தால்: ஒருநாள் சுற்றுலாவுக்கு அடங்காத மாதா ஊர்

மணிலாவில் விற்கும் ஒருநாள் சுற்றுலாக்களில் ‘தால்’ என்று போட்டிருந்தால், முதலில் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: எரிமலையா, ஊரா? எரிமலையை மேட்டிலிருந்து பார்க்கிற இடம் தாகாய்தாய். எரிமலையைச் சூழ்ந்த ஏரியின் வடகரையில் இருப்பது தாலிசாய். தால் நகரம் இவை இரண்டிலிருந்தும் விலகி, ஏரிக்குத் தென்மேற்கே, பான்சிபிட் ஆறு பாலாயன் விரிகுடாவை நெருங்குகிற பக்கத்தில் இருக்கிறது. வரைபடச் செயலியில் ‘தால்’ என்று மட்டும் தட்டினால் எரிமலையைக் காட்டி, தாகாய்தாய் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து ஊருக்கு வர இன்னும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும். சேருமிடமாகப் புனித மார்ட்டின் பசிலிக்கா, தால், பதங்காஸ் என்று முழுசாகப் போடுங்கள்.

பேருந்தில் வருகிறவர்கள் மணிலாவின் புவெண்டியா பகுதியிலிருந்தோ பிஐடிஎக்ஸ் முனையத்திலிருந்தோ லெமெரி போகும் வண்டியில் ஏறலாம். நெரிசல் இல்லாத நாளில் சுமார் மூன்று மணி நேரம். லெமெரியும் தாலும் ஒட்டிய ஊர்கள். கடைசித் துண்டுக்கு ஜீப்னி (பலர் சேர்ந்து போகும் சிற்றுந்து) அல்லது டிரைசிக்கிள் (பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்). டிரைசிக்கிளில் ஏறுவதற்கு முன்பே தலைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். சில்லறை பெசோ நோட்டுகள் கையில் இருப்பது நல்லது. அருங்காட்சியகக் கட்டணம், காணிக்கை, சந்தை, வண்டி எல்லாமே சின்னத் தொகைகளில் நடக்கிறது.

இந்த ஊரைச் சுற்றிக் காட்டுபவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, பசிலிக்காவில் தொடங்குவது. பெரிய கோயில், படம் எடுக்க வசதி, வண்டி நிறுத்த இடம். அதன்பின் சாப்பாடு, இரண்டு பழைய வீடுகள், திரும்பல். கைசாசாய் மாதா கோயிலுக்கு நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று ஆகிவிடுகிறது. ஊரின் கதையோ நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. 1572-இல் அகஸ்தினார் சபைத் துறவிகள் நிறுவிய தால், ஏரிக்கரையில், இன்று சான் நிக்கோலாஸ் இருக்கும் இடத்தில் இருந்தது. 1754-இல் எரிமலை மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை விட்டுவிட்டு வெடித்தது. கரையோர ஊர்கள் அழிந்தன. பிழைத்தவர்கள் வந்து குடியேறியது, அதற்கு நூறாண்டுக்கு முன்பே மாதாவுக்குக் கற்கோயில் எழுந்திருந்த கைசாசாய்க்கு மேலே உள்ள குன்றில். மாதா கோயில் முதலில், ஊர் பிறகு. ஆகவே கீழேயிருந்து தொடங்கி மேலே ஏறுவதுதான் முறை. வெயிலைப் பொறுத்தும் அதுதான் புத்திசாலித்தனம்.

காலை ஏழு மணிக்கு முன்பே கைசாசாய் கோயிலுக்குப் போய்விடுங்கள். கட்டடம் சிறியது, பவளக்கல்லால் கட்டியது. சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பவளத்தின் துளைகளும் வரிகளும் அப்படியே தெரியும். இந்தக் கல் கடலோரத்தில் எளிதாகக் கிடைக்கும், செதுக்கவும் இலகு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய பவளக்கல் சுவர்களுக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மேற்பரப்பு பொரிந்து உதிரத் தொடங்கும். சுவரில் கை வைத்துச் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

மாதாவின் சுரூபம் ஓர் அடிக்கும் குறைவான உயரம். 1603-இல் ஹுவான் மனிங்காத் என்ற மீனவர் பான்சிபிட் ஆற்றில் வீசிய வலையில் அது சிக்கியது என்பது ஊர் மரபு. பின்னர் அது காணாமல் போனதும், தண்ணீர் எடுக்கப் போன இரண்டு பெண்கள் ஊற்றுநீரில் அதன் பிம்பத்தைக் கண்டு நிமிர்ந்தபோது, பூச்செடியின் மேல் மீன்கொத்திகள் காவலிருக்க அது நின்றதும் அதே மரபின் தொடர்ச்சி. 1954 டிசம்பர் 8 அன்று, திருத்தந்தையின் பிரதிநிதியாக வந்த கர்தினால் கிரோகா இந்தச் சுரூபத்துக்கு முடிசூட்டினார். சீன வம்சாவளி பிலிப்பினோக்கள் பலர் இதே மாதாவைக் கடலோடிகளைக் காக்கும் மாட்ஸுவாகவும் வணங்குகிறார்கள். 1639-இல் சீனர் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது கொல்லப்பட்ட சீனர் ஒருவரை மாதா உயிர்ப்பித்ததாக ஒரு கதையும் இங்கே வழங்குகிறது. மெழுகுதிரி ஏற்றுமிடத்தில் ஜெபமாலைக் கைகளும் சீன முறையில் கூப்பிய கைகளும் அருகருகே இருப்பதைப் பார்த்தால் வியக்க வேண்டாம். அது இந்த ஊருக்குப் பழக்கமானது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுரூபம் எப்போதும் இங்கேயே இருப்பதில்லை. கீழ்க்கோயிலுக்கும் மேலே உள்ள பசிலிக்காவுக்கும் இடையே போய்வருவது வழக்கம். நேர்ச்சைக்காகவே வருகிறவர்கள், அன்று எங்கே இருக்கிறது என்று பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கோயிலிலிருந்து மேலே போக 125 படிகள். முதல் பிலிப்பினோப் புனிதரான லொரென்சோ ரூயிஸின் பெயர் இப்போது அவற்றுக்கு. படி அகலமானதுதான், ஆனால் நிழல் சீராக இல்லை. பத்து மணிக்கு மேல் ஏறினால் பாதியில் மூச்சு வாங்கும். மழை விட்ட கையோடு ஏறினால் பாசி வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் டிரைசிக்கிளில் சுற்றி மேலே போய்விடலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

படிகளிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஒற்றையடிப் பாதையில் சாந்தா லூசியா கிணறு இருக்கிறது. ஊரிலேயே மனதில் மிக அழுத்தமாகப் பதிகிற இடம் இது. பாதி சிதைந்த கல் வளைவு, அதன் நெற்றியில் மாதாவின் புடைப்புருவம், கீழே சின்னக் கிணறு, அவ்வளவுதான். வேளாங்கண்ணியில் மாதா குளத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே நடப்பது எதையும் விளக்கத் தேவையில்லை: தண்ணீரை மொண்டு முகத்தில் தெளிப்பது, வலிக்கிற இடத்தில் தடவுவது, புட்டியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது. நம்பிக்கையோடு தெளித்துக்கொள்ளுங்கள், குடிப்பதற்கு மட்டும் வேண்டாம். சுற்றிலும் குடியிருப்பு உள்ள ஆழமில்லாத கிணறு அது. புட்டி கையோடு கொண்டுபோங்கள்.

இனி பசிலிக்கா. 88.6 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம். ஆசியாவிலேயே பெரிய கத்தோலிக்கக் கோயில் என்று ஊர் பெருமையோடு சொல்லும். இந்த இடத்தில் எழுந்த முந்தைய கோயில் 1849-இல் நிலநடுக்கத்தில் விழுந்தது. இப்போதையது 1856-இல், லூசியானோ ஒலிவர் என்ற கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் தொடங்கி, 1865-இல் திறக்கப்பட்டு, 1878-இல் நிறைவடைந்தது. 1942 நிலநடுக்கம் மணிக்கூண்டைக் கொண்டுபோயிற்று. இன்று நிற்பது பின்னர் எழுப்பியது. உள்ளே விதானத்தை அண்ணாந்து பாருங்கள். செதுக்கிய சிற்ப வேலை போலத் தெரிவதில் பெரும்பகுதி தட்டையான பரப்பில் தீட்டிய வண்ணம்தான். நடந்துகொண்டே பார்த்தால் நிழல் நகராமல் அதே பக்கம் நிற்பதிலிருந்து பிடிபடும். பீடத்தில் வெள்ளி நற்கருணைப் பேழையைத் தவறவிட வேண்டாம். மணிக்கூண்டு ஏற அனுமதி இருக்கும் நாளில் ஏறலாம்: படி குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடம் குறைவு, முதுகுப்பை இடைஞ்சல். மேலே ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், இன்னொரு பக்கம் விரிகுடா.

சனிக்கிழமைகளில் திருமணங்கள் வரிசையாக இருக்கும். அப்போது நடுவழியில் நடக்க விடமாட்டார்கள், விடக் கூடாது என்பதும் சரிதான். அரைக்கால் சட்டை, கையில்லாச் சட்டை இரண்டு கோயில்களுக்கும் பொருந்தாது.

பழைய வீடுகள் தாலின் இரண்டாவது செல்வம். கீழே கல், மேலே மரம், சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கப்பீஸ் சிப்பித் தகடுகள், சன்னலுக்கு அடியில் காற்றுக்கென இன்னொரு சின்னத் திறப்பு என்பதுதான் இந்த வீடுகளின் அமைப்பு. மார்செலா அகொன்சில்லோவின் வீட்டுக்கு முதலிடம் கொடுங்கள். 1898-இல் ஹாங்காங்கில், மகள் லொரென்சாவும் டெல்பினா ஹெர்போசாவும் துணையிருக்க, பிலிப்பைன்ஸின் தேசியக் கொடியைத் தைத்தவர் அவர். அந்தக் கொடிதான் ஜூன் 12 அன்று கவிட்டில் ஏற்றப்பட்டது. இந்த வீட்டையும், பின்னாளில் ஆர்ட் டெகோ பாணி கலந்த லியோன் அபாசிப்லே வீட்டையும் தேசிய வரலாற்று ஆணையம் அருங்காட்சியகமாக நடத்துகிறது. நுழைவு இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும். தால் பயணத்தைத் திங்களில் வைத்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஒரு காரணமே போதும்.

வில்லாவிசென்சியோ குடும்பத்தின் இரண்டு வீடுகளும் தனியார் பராமரிப்பு, கட்டணம் உண்டு, கொடுக்கலாம். ஒன்று 1871-இல் யுலாலியோ தன் மனைவி கிளிசேரியாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது. கணவர் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரான புரட்சிக்கு உதவியதற்காகச் சிறை சென்று 1898-இல் இறந்த பின்னும், கிளிசேரியா தன் குடும்பத்தின் புலுசான் என்ற நீராவிக் கப்பலைப் புரட்சிப் படைக்கே கொடுத்துவிட்டார். வழிகாட்டி இல்லாமல் சுற்றினால் மேசை நாற்காலி பார்த்த மாதிரிதான் இருக்கும். கட்டாயம் விளக்கம் கேளுங்கள். தரை பழைய மரப்பலகை, குதிகால் செருப்பு வேண்டாம்.

சாப்பாட்டில், ஒரே ஒரு வேளை கிடைத்தால் சினாயிங் நா துலிங்கான் கேளுங்கள். சிறு சூரை மீனைக் குடல் நீக்கி, இரு பக்கமும் கீறி, உப்புத் தடவி, உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்குவார்கள். மண்பானையின் அடியில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள், உலர்ந்த பிலிம்பிக்காய், மேலே வாழையிலை சுற்றிய மீன், கொஞ்சம் தண்ணீர். பிறகு மணிக்கணக்கில் சிறுதீ. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மீன் உடைந்து, புளிப்பு உள்ளே இறங்காமலே போய்விடும். சரியாக வெந்ததில் முள்ளே மெத்தென்று ஆகியிருக்கும், அடியில் நிற்கும் சாறு சோற்றுக்குக் குழம்பாகும். மீன் மட்டும்தானே என்று நினைத்துவிட வேண்டாம், பன்றிக் கொழுப்பு சேரும். பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சோயா இல்லாமல் மஞ்சளும் வினிகரும் பூண்டும் போட்ட மஞ்சள் அடோபோ என்ற இறைச்சிக் கறி நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். தால் தாப்பாவும் (பதப்படுத்திய இறைச்சி) லொங்கனிசாவும் (தொத்திறைச்சி) பன்றிதான்.

உலகிலேயே நன்னீரில் வாழும் ஒரே மத்தி இனமான தவிலிஸ் இந்த ஏரிக்கே உரியது. 2019 முதல் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. உணவகத்தின் உணவுப் பட்டியலில் இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு நிலைமை கடினம். வாழையிலையில் வெந்த சுமன், வேர்க்கடலையும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த பனுச்சா, பழங்கள், கெட்டியான பராக்கோ காபி ஆகியவற்றை நம்பலாம். முழுச் சாப்பாடு கையோடு இருப்பது நல்லது.

வாங்குவதற்கு இரண்டு பொருள். முதலாவது பூவேலை செய்த பரோங், பிலிப்பினோ ஆண்களின் மரபுச் சட்டை. கையால் செய்ததா, இயந்திரமா என்று தெரிந்துகொள்ளத் துணியைத் திருப்புங்கள். இயந்திர வேலையின் பின்புறத்தில் அடிநூல் வரி ஒரே சீராக ஓடும். கைவேலையில் முடிச்சும் தையலின் சிறு ஏற்றத்தாழ்வும் தெரியும். கலாதோ என்ற சல்லடை வேலைதான் உச்சம்: துணியின் இழைகளையே எண்ணி உருவி, மிச்சத்தைக் கட்டி வலைபோல ஆக்குவது. அன்னாசி நார்த் துணியில் செய்தது விலை பல மடங்கு ஏறும், அது நியாயமான விலை. பாலியெஸ்டர் ஆர்கன்சாவை அன்னாசி நார் என்று சொன்னால், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இயற்கை நாரில் இழையின் தடிமன் ஆங்காங்கே மாறும்.

இரண்டாவது பாலிசோங், மடக்குக் கத்தி. அதே பெயருள்ள பரங்காயிலேயே (ஊரின் உட்பிரிவு) பட்டறைகள் இருக்கின்றன. பழைய வண்டிகளின் வில்பட்டையை அடித்து அலகு ஆக்கும் வழக்கம் இங்கே உண்டு. கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது. தகுந்த காரணமின்றி வெளியில் எடுத்துத் திரிவது பிலிப்பைன்ஸ் சட்டப்படியே குற்றம். பிரிட்டனில் வைத்திருப்பதே குற்றம். உங்கள் நாட்டுச் சட்டம் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நாள் தேர்வு. கைசாசாய் திருவிழா டிசம்பர் 8, 9. புனித மார்ட்டினுக்கு நவம்பர் 11. பக்திக்காக வருவதென்றால் டிசம்பர் 8-க்கு ஈடில்லை, ஆனால் அது தேசிய விடுமுறையும்கூட. தங்குமிடம் முன்கூட்டியே பிடித்தால்தான் உண்டு, வீடுகளை நிதானமாகப் பார்க்கவும் வழியில்லை. இரண்டும் வேண்டுமென்றால் மழைக்காலம் முடிந்து, கோடை தொடங்குவதற்கு முந்தைய சனவரி, பிப்ரவரியில் ஒரு வாரநாள். ஓர் இரவு தங்கினால் அதிகாலைக் கைசாசாய் கிடைக்கும். மணிலாவிலிருந்து அன்றே வந்து போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

கிளம்பும் முன்பு, நாட்டின் எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனமான பிவோல்க்ஸ் வெளியிடும் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். 2020 சனவரி 12 வெடிப்பில் இந்த ஊரும் காலி செய்யப்பட்டது. எரிமலைத் தீவு நிரந்தர அபாயப் பகுதி. அங்கே கூட்டிப்போகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். வெடிப்பு இல்லாத நாளிலும் கந்தக டைஆக்சைடு கலந்த புகைமூட்டம் இறங்குவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தும் நல்ல முகக்கவசமும் எடுத்துக்கொண்டு, அந்த நாளில் படியேற்றத்தைத் தள்ளிவைப்பது நல்லது. திரும்புவது ஞாயிற்றுக்கிழமை என்றால், மாலை நெரிசலில் மூன்று மணி நேரப் பயணம் ஐந்தாகவும் ஆகலாம் என்று கணக்குப் போட்டு, லெமெரியில் மதியத்துக்குள் பேருந்து ஏறிவிடுங்கள்.