கனாயெவாவா, பெஸ்ஸோனோவாவா?

இசைக்கேற்ப ரிப்பன், பந்து போன்றவற்றோடு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஓய்வுபெற்ற இருவரை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரத்து எவ்கேனியா கனாயெவா 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம் (எல்லாக் கருவிகளின் மதிப்பெண்ணையும் கூட்டித் தரப்படுவது) வென்றார். அதற்குமுன் எவரும் அதை இருமுறை வென்றதில்லை. 2009 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறு தங்கங்களையும் அள்ளினார், 2011இல் மறுபடியும். ஒற்றைக்கால் நுனியில் அவர் சுழலும்போது உடல் இம்மியும் தடுமாறாது.

உக்ரைனின் அன்னா பெஸ்ஸோனோவா 2007இல் உலகச் சாம்பியன். ஒலிம்பிக்கில் 2004, 2008 இரண்டிலும் வெண்கலம்தான். ஆனால் இசை அவருடைய விரல்நுனிவரை ஓடும். கையிலிருக்கும் ரிப்பன் அவர் மூச்சின் நீட்சியாகவே தெரியும். பிழையற்ற ஆட்டத்துக்குக் கனாயெவா. திரும்பத் திரும்பப் பார்க்க எனக்குப் பெஸ்ஸோனோவாதான்.