பஞ்சு பறக்கும் இடத்துக்கு ஃபேன் இல்லாத பெட்டி: டெல் வைஸ் 5070

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனி ஆபீஸிலோ, சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய கணக்கு ரூமிலோ ஓடிக்கொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப்பைத் திறந்து பாருங்கள். ப்ராசசர் ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பஞ்சு தட்டையாக அடைந்து கிடக்கும். நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வரும். ஃபேன் சத்தமாகச் சுற்றும், ஆனால் காற்று கீழே இறங்காது. சிஸ்டம் மெதுவாகிவிட்டது என்று விண்டோஸை மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் உள்ளேயும் இதே கதைதான். பொள்ளாச்சியில் பஞ்சுக்குப் பதில் தென்னை நார்த் தூள், ஈரோட்டு மண்டியில் மஞ்சள் தூசு, காங்கயத்து ரைஸ் மில்லில் தவிடு. தூசை உள்ளே இழுத்துப் போடுவது ஃபேன். அது இல்லாத பெட்டிக்கு இந்த ஊர்களில் இருக்கும் மதிப்பு, ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தால் தெரியாது.

டெல் வைஸ் 5070 என்பது 2018இல் வந்த தின் க்ளையண்ட். பெரிய கம்பெனிகளில் சர்வரோடு இணைத்து வேலை பார்க்கச் செய்த பெட்டி இது. அந்தக் கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துப் போடுவதால், பழைய சரக்காகக் கோயம்புத்தூர் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. உள்ளே இன்டெல் செலிரான் ஜே4105 அல்லது பென்டியம் சில்வர் ஜே5005 இருக்கும். இரண்டுக்கும் நான்கு கோர், இரண்டும் 10 வாட் ப்ராசசர். செலிரான் அதிகபட்சம் 2.5 கிகாஹெர்ட்ஸ், பென்டியம் 2.8. பென்டியத்தில் கிராபிக்ஸ் கொஞ்சம் பெரிது. டேலிக்கும் பில்லிங்குக்கும் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. பென்டியம் என்பதற்காகக் கூடுதல் காசு கேட்டால், அந்தக் காசை எஸ்எஸ்டியில் (விண்டோஸும் ஃபைல்களும் உட்காரும் சேமிப்பு) போடுவதே மேல்.

வாங்குவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ கிடையாது, டிஸ்ப்ளே போர்ட்தான். எச்டிஎம்ஐ மானிட்டருக்கு ஒரு மாற்றுக் கேபிள் போதும். பழைய விஜிஏ மானிட்டர் என்றால் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். இதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது 9 ஊசி சீரியல் போர்ட். நம்ம பக்கத்து வேலைக்கு இந்தப் பெட்டியில் இருக்கும் பெரிய சொத்து இதுதான். நூல் எடை போடும் தராசு, மஞ்சள் மண்டி எடை மிஷின், லாரி எடை மேடையின் இண்டிகேட்டர் எல்லாம் இன்னமும் சீரியல் வழியாகத்தான் எடையை அனுப்புகின்றன. புது கம்ப்யூட்டரில் அந்த போர்ட் இல்லாததால் யூஎஸ்பி கன்வெர்ட்டர் போடுகிறார்கள். அங்கேதான் தொல்லை ஆரம்பம். மலிவு கன்வெர்ட்டர்களில் இருக்கும் பழைய அல்லது போலி பிஎல்2303 சிப்பைப் புது டிரைவர் ஏற்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கும். டிரைவர் ஏறினாலும், வேறு யூஎஸ்பி துளையில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அந்த போர்ட்டுக்குக் கொடுக்கும் காம் எண் மாறிவிடும், சாஃப்ட்வேர் எடையைப் படிக்காது. போர்டிலேயே இருக்கும் சீரியல் போர்ட்டின் எண் மாறவே மாறாது. இணைத்தும் எடை வரவில்லை என்றால், முதலில் இண்டிகேட்டரின் பாட் ரேட்டை, அதாவது எடையை அனுப்பும் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 9600, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று இருக்கும். அதுவும் சரி என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 2ஆம் ஊசியும் 3ஆம் ஊசியும் நேராகப் போகிறதா, மாறிப் போகிறதா என்று மல்டிமீட்டரில் ஒலி வைத்துப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது எஸ்எஸ்டி. இந்தப் பெட்டி வாங்குகிறவர்கள் அதிகம் காசு இழப்பது இங்கேதான். பல பெட்டிகளில் போர்டிலேயே ஒட்டிய 16 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் மட்டும் இருக்கும். அதைக் கழற்றவும் முடியாது, விண்டோஸ் 11 கேட்கும் 64 ஜிபிக்கு அது காணாது. பக்கத்தில் எம்.2 என்ற, தட்டை எஸ்எஸ்டி செருகும் ஸ்லாட் ஒன்று இருக்கிறது, 2280 அளவு (80 மி.மீ நீளம்) எஸ்எஸ்டி உட்காரும். ஆனால் அது சாட்டா என்ற பழைய இணைப்பு முறை மட்டும்தான். என்விஎம்இ என்ற புது முறை எஸ்எஸ்டியை அது அறியாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரை) பெயரே வராது, எஸ்எஸ்டி கெட்டுப்போச்சு என்று கடைக்குத் திரும்பப் போவார்கள். கடையில் எம்.2 எஸ்எஸ்டி என்று மட்டும் கேட்டால் கையில் கொடுப்பது என்விஎம்இதான், ஏனென்றால் இப்போது ஓடுவது அது. "அண்ணா, எம்.2ல சாட்டா இருக்குங்களா? என்விஎம்இ வேண்டாமுங்க" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எஸ்எஸ்டியின் தங்கநிற முனையைப் பாருங்கள். சாட்டா எஸ்எஸ்டியில் பொதுவாக இரண்டு வெட்டு இருக்கும். ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ, திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டு வெட்டு இருக்கும் என்விஎம்இயும் சில உண்டு, அதனால் லேபிளில் சாட்டா என்று எழுதியிருக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள். டபிள்யூடி ப்ளூ எஸ்ஏ510, ட்ரான்சென்ட் 830எஸ் இரண்டும் எம்.2 சாட்டாவாக வருகின்றன. டபிள்யூடியின் அதே பெயரில் 2.5 இன்ச் வடிவமும் உண்டு, பார்த்து வாங்குங்கள். கணக்கு வேலைக்கு 256 ஜிபி போதும்.

மாட்டுவது சுலபம். அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி மிச்ச கரண்டை இறக்குங்கள். பின்பக்கத் திருகைத் தளர்த்திப் பக்கவாட்டு மூடியைத் தள்ளினால் ராமும் எம்.2 ஸ்லாட்டும் கண்ணெதிரே இருக்கும். எஸ்எஸ்டியைச் சாய்த்துச் செருகிக் கீழே அமுக்கி, முனையில் திருகுங்கள். இஎம்எம்சியோடு வந்த பெட்டிகளில் அந்தச் சின்னத் திருகு இல்லாமல் போவது உண்டு. லேப்டாப் எஸ்எஸ்டிக்குப் போடும் திருகு ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். திருகில்லாமல் டேப் ஒட்டி விட்டால், சூட்டில் பசை இளகி எஸ்எஸ்டி மேலே எழும்பும், ஒருநாள் காலையில் சிஸ்டம் பூட் ஆகாது.

ராமுக்கு இரண்டு ஸ்லாட். லேப்டாப்பில் போடும் அதே டிடிஆர்4 வகை, 2400 வேகம். 2666 போட்டாலும் 2400க்கு இறங்கி ஓடும். இன்டெல் இந்த ப்ராசசருக்கு 8 ஜிபிதான் என்று எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் இரண்டு 8 ஜிபி சேர்த்து 16 ஜிபி போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. ஒரே 8 ஜிபியை விட இரண்டு 4 ஜிபி நல்லது, காரணம் கிராபிக்ஸ் இதே ராமைத்தான் பகிர்கிறது. இரண்டு வழியாகப் போனால் திரை நகர்வது லேசாக இருக்கும். ராம் மாற்றிய முதல் முறை திரை கறுப்பாகக் கொஞ்ச நேரம் நிற்கலாம். பதறிப் பிடுங்காமல் காத்திருங்கள்.

வைஃபை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைஃபை கார்டு இல்லாமல் வந்த பெட்டியில் ஆண்டெனா ஒயரும் இருக்காது. கார்டை மட்டும் வாங்கிச் செருகினால் சிக்னல் பக்கத்து ரூம் கூட எட்டாது. லேன் கேபிள் இழுப்பது உத்தமம், முடியாவிட்டால் யூஎஸ்பி வைஃபை.

பழைய பெட்டியை ஆன் செய்து எஃப்2 அழுத்தினால் பயாஸ் பாஸ்வேர்டு கேட்கும். வைஸ் பெட்டிகளுக்குக் கம்பெனி வைத்த பாஸ்வேர்டு ஃபயர்போர்ட் (Fireport), ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் பெரியது. முந்தைய கம்பெனி அதை மாற்றியிருந்தால் இது திறக்காது. ஆகவே கடையிலேயே, காசு கொடுக்கும் முன்பே, பயாஸ் உள்ளே போய்ப் பாருங்கள். உள்ளே போனதும் ஏசி ரெக்கவரி என்ற இடத்தைப் பவர் ஆன் என்று மாற்றுங்கள். கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக எழுந்துகொள்ளும். தோட்டத்து வீட்டில் கேமரா பார்க்க வைத்திருக்கும் பெட்டிக்கு இது இல்லாமல் ஆகாது. டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், விண்டோஸ் 11க்கு வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இந்த இரண்டு ப்ராசசரும் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கின்றன என்பது இதே விலைக்கு வரும் இன்னும் பழைய பெட்டிகளை விட இதை மேலே வைக்கிறது. இன்ஸ்டால் செய்ய பென் டிரைவை யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் தயாரித்து, எஃப்12 அழுத்தித் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது இஎம்எம்சியும் எஸ்எஸ்டியும் இரண்டாகத் தெரியும், அளவைப் பார்த்து எஸ்எஸ்டியை எடுங்கள்.

சூடு பற்றிச் சொல்லாமல் இந்தப் பெட்டியைச் சிபாரிசு செய்வது நியாயமில்லை. ஃபேன் இல்லை என்றால் சூடு தானாக மேலே ஏறி வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் இது ஸ்டாண்டில் நெட்டுக்குத்தாக நிற்கிறது. படுக்கப் போட்டு மேலே பில் புக்கை அடுக்கி வைத்தால் வழி அடைபடும். ப்ராசசர் 105 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டி நிற்காது, வேலை மட்டும் மந்தமாகும். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் வெளியே 40ஐத் தொடும்போது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அதற்கு மேலேயே இருக்கும். அங்கே மானிட்டருக்குப் பின்னால் ஒட்டி மாட்டாமல், சுவரில் இருந்து ஒரு கை தள்ளி நிறுத்துங்கள். ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பஞ்சு முழுக்க வராமல் இருக்காது. மேல் துளைகளில் மெல்லிய படலமாகப் படியும், ஆனால் உள்ளே உறிஞ்சப்படாது. மாதம் ஒருமுறை காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். கம்பெனியில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று அந்தக் காற்றை நேராக அடிக்க வேண்டாம். டேங்கில் தேங்கிய தண்ணீர் காற்றோடு சேர்ந்து தெறித்து போர்டில் விழும். அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, பிரஷரைக் குறைத்து, ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள்.

கரண்ட் செலவு சொற்பம். பெட்டி சராசரியாக 10 வாட் இழுத்தாலும் ஒரு நாள் 10 மணி நேரத்துக்குப் பத்தில் ஒரு யூனிட்தான். யூபிஎஸ்ஸில் இதன் பலன் இன்னும் பெரிது. சாதாரண யூபிஎஸ் உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் 84 வாட் மணி இருக்கிறது. பெட்டி 10 வாட், எல்இடி மானிட்டர் 20 வாட் என்றால், இழப்புப் போக, பேட்டரி புதிதாக இருக்கும்வரை ஒரு மணி நேரம் நிற்கும். அடாப்டர் மட்டும் டெல்லுடையதாகவே இருக்கட்டும். 19.5 வோல்ட், ஸ்லிம் என்ற இந்த ஒல்லி வகைப் பெட்டிக்கு 65 வாட். டெல் பின்னின் நடு ஊசி அடாப்டர் அடையாளத்தைச் சொல்வதற்காக இருக்கிறது. வேறு அடாப்டர் செருகினால் எச்சரிக்கை வந்து கீ அழுத்தச் சொல்லி நிற்கலாம். அப்படி நின்றால் தானாக எழும் ஏற்பாடும் வீண்.

எதற்கெல்லாம் ஆகும்? டேலி, ஜிஎஸ்டி தளம், ஈவே பில், எக்செல், வாட்ஸ்அப் வெப், சர்வருக்கு ரிமோட்டில் போவது எல்லாம் தடையில்லாமல் ஓடும். எச்.265 வீடியோவை ஹார்டுவேரிலேயே விரிக்கும் என்பதால் கேமரா பார்க்கவும் ஏற்றது. ஏவி1 வீடியோவுக்கு அந்த வசதி இல்லை, யூடியூப் அந்த வடிவில் அனுப்பினால் முழுச் சுமையும் ப்ராசசர் தலையில் விழும். பிரிண்டிங் டிசைனுக்குக் கோரல் டிரா, கார்மெண்ட் பேட்டர்ன் சாஃப்ட்வேர் இரண்டுக்கும் இதை வாங்காதீர்கள், மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட வேண்டியிருக்கும். பெட்டி, ராம், எஸ்எஸ்டி, கேபிள் எல்லாம் சேர்த்த விலை, எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய மினி பிசியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், தூசு இல்லாத ஆபீஸுக்கு அந்த மினி பிசிதான் சரி. தறிக்குடோனுக்கு அப்போதும் இதுதான்.

எக்ஸ்டெண்டெட் என்று அகலமான வகை ஒன்றும் உண்டு. அதில் பிசிஐஇ ஸ்லாட் இருக்கிறது, கூடுதல் லேன் கார்டு போட்டு ஃபயர்வால் ஆக்குகிறவர்கள் அதைத் தேடுவார்கள். அதற்கு 130 வாட் அடாப்டர். கணக்கு ரூமுக்கு அது வேண்டியதில்லை.

எந்த வகை வாங்கினாலும், மூடியைத் திறந்திருக்கும்போதே சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். கழித்துப் போட்டு அலமாரியில் கிடந்த பெட்டிகளில் அது தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்கு ஓடிப்போகும், ஜிஎஸ்டி தளம் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும், பில்லில் தப்புத் தேதி விழும்.