செட்டிங்ஸா, ரெஜிஸ்ட்ரியா?

காட்பாடியில் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் பிடிஎஃப் கோப்பைத் தட்டினால் நோட்பேடில் திறந்தது. முதல் வரியில் பிடிஎஃப் என்ற எழுத்துகள், கீழே முழுக்கக் கிறுக்கல். கோப்பு கெடவில்லை; எதில் திறப்பது என்ற குறிப்புதான் மாறியிருந்தது.

செட்டிங்ஸ் வழி சுலபம். கோப்பின் மேல் ரைட் கிளிக், ஓப்பன் வித், வேண்டிய ஆப், 'ஆல்வேஸ்'. அவ்வளவுதான், சித்தப்பாவே செய்துகொள்வார்.

விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது அப்படியல்ல. விண்டோஸ் 8 முதல், நாம் தேர்ந்தெடுத்த ஆப்போடு ரெஜிஸ்ட்ரியின் 'யூசர்சாய்ஸ்' என்ற இடத்தில் ஒரு ஹாஷும், அதாவது சரிபார்ப்புக் குறியும், சேர்ந்து பதிவாகிறது. ஆப்பின் பெயரை மட்டும் கையால் மாற்றினால் ஹாஷ் ஒத்துப்போகாது, விண்டோஸ் அதைத் தள்ளிவிடும். பிடிஎஃப், படம், பாட்டுக்கெல்லாம் இது வேண்டாத வேலை.

ஆனால் புரோகிராம்களை இயக்கும் ஈஎக்ஸ்ஈ (.exe) கோப்புகளின் தொடர்பே அறுந்தால் எந்த புரோகிராமும் திறக்காது, செட்டிங்ஸிலும் அதற்கு வழியில்லை. கடைக்குத் தூக்கிப் போனால் ஃபார்மட் என்பார்கள். அதற்கு முன், ஈஎக்ஸ்ஈயை மறுபடி 'ஈஎக்ஸ்ஈஃபைல்' (exefile) என்ற பதிவுடன் இணைக்கும் ரெக் கோப்பை (தட்டினால் ரெஜிஸ்ட்ரியை மாற்றும் .reg கோப்பு) வேறு கம்ப்யூட்டரில் எழுதி, பென்டிரைவில் கொண்டுவந்து தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ட தளத்திலிருந்து இறக்கிய ரெக் கோப்பை மட்டும் தொடாதீர்கள்.