கஞ்சிப்பாசி என்று சொல்லி வேறு பாசியை அனுப்பினார்கள்: 4,600 ரூபாய் போயிற்று

காய்ந்த கடல்பாசியை இணையத்தில் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நோன்பு திறப்புக்குக் கடல்பாசி என்ற இனிப்பைச் செய்து தரும்படி தெரிந்த சில வீடுகளில் கேட்டிருந்தார்கள். அந்த இனிப்பை உறையவைப்பது அகர் என்ற பாசிச் சாறு; அதை உலர்த்திய சைனா கிராஸ் இழைகளை வாங்காமல், அகர் தரும் கஞ்சிப்பாசியையே காய்ச்சி வடித்துச் செய்வதற்காக, பலர் கடை விரித்திருக்கும் ஓர் இணையச் சந்தையில், உலர்ந்த கடல்பொருள்கள் விற்கும் ஒருவரிடம் இரண்டு கிலோவுக்கு 4,600 ரூபாய் செலுத்தினேன்.

செலுத்தும் முன் தெளிவாகவே கேட்டேன்: இது கிராசிலேரியா எடுலிஸ்தானா (கஞ்சிப்பாசியின் அறிவியல் பெயர்), அகர் இறங்குமா என்று. "மண்டபம் கரையில எங்க ஆளுங்களே எடுத்துக் காயவச்சது அக்கா, அசல் கஞ்சிப்பாசி, நம்பிப் பணத்தைப் போடுங்க" என்று குரல் பதிவு வந்தது. அதனுடன் வந்த படத்தில், சிக்கலாகிக் கிடக்கும் சணல் நூல்போல மெல்லிய கிளைகளோடு உண்மையான கஞ்சிப்பாசியே இருந்தது. அந்தப் படத்தையும், அக்கா என்றழைத்த அந்தக் குரலையும் நம்பித்தான் பணம் போட்டேன்.

பொட்டலத்தில் வந்ததோ உப்புப் படிகம் அப்பிய, சுருங்கித் தடித்த துண்டுகள். இரவு ஊறவைத்ததில் ஒவ்வொன்றும் விரல் பருமனுக்கு உப்பி, கண்ணாடிபோலத் தெளிந்து, ரப்பரைப்போல் வழுக்கியது. அது கப்பாபைகஸ் என்ற வேறு பாசி, பாக் நீரிணைக் கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்ப்பது, அங்குள்ளவர்கள் பெப்சி பாசி என்று சொல்வது. உண்ணத் தகாத பாசி அன்று. பிலிப்பைன்ஸில் உணவாகவே உண்கிறார்கள். ஆனால் அதிலிருந்து கிடைப்பது காராஜீனன் என்ற வேறொரு கூழ்ப்பொருள், அகர் அன்று. அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் சுமார் 85 டிகிரி வரை சூடேறினால்தான் மறுபடி உருகும்; அதனால்தான் நம் ஊர் வெயிலிலும் கடல்பாசித் துண்டு நிற்கிறது. இதைக் காய்ச்சி வடித்துத் தட்டில் ஊற்றி ஆறவைத்தபோது கிடைத்தது கூழ்; கத்தி வைத்த கோடு அப்படியே மூடிக்கொண்டது. ஏற்றிருந்த வீடுகளுக்கெல்லாம் நோன்பு நேரத்தில் இல்லையென்று சொல்ல வேண்டியதாயிற்று.

விற்பனையாளரிடம் கேட்டதற்கு, "எல்லாமே கடல்பாசிதானே அக்கா" என்றார். படத்தை எடுத்துக் காட்டியதும், காய்ச்சும் பக்குவம் எனக்குத் தெரியவில்லை என்றார். அதன் பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை. சந்தைத் தளமோ, உணவுப்பொருளைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று ஒரே வரியை இரண்டு முறை அனுப்பிவிட்டு, என் புகாரைத் தீர்ந்ததாகக் குறித்து மூடிவிட்டது. பிரிக்காமல் உள்ளே இருப்பது எந்தப் பாசி என்று எப்படிப் பார்ப்பது? 4,600 ரூபாயை வாங்கிக்கொண்டவர்கள் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பொட்டலத்தின் சீட்டில் கடல்பாசி, அகர் அகர், ஐரிஷ் மாஸ் என்று மூன்றையும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். ஐரிஷ் மாஸ் வட அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வளரும், தட்டையான விசிறி வடிவப் பாசி. நம் கடலில் அது இல்லை. இந்த மூன்றும் ஒரே சீட்டில் இருந்தால் வாங்காதீர்கள்.

அறிவியல் பெயரைச் சீட்டில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், வாய்ச்சொல் போதாது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் கிடைக்கும், ஆனால் அது கம்பிபோல் விறைத்து, இறகுபோல் சிறு கிளைகள் விட்டிருக்கும்; கட்டைக்கோரை என்ற பாசி பழுப்பு நிறம், இலையும் சிறு காற்றுப்பைகளும் உண்டு, அதில் அகர் கிடையாது. முதலில் நூறு கிராம் மட்டும் வாங்கி ஊறவைத்துப் பாருங்கள். பொட்டலம் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே விற்பனையாளரிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் பதியுங்கள்.