ஐஈஎல்டிஎஸ் அகாடமிக்: பயிற்சி வகுப்பா, சுயபடிப்பா?

வெளிநாட்டில் உயர்கல்வி பயில விரும்புவோர் பெரும்பாலும் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வே ஐஈஎல்டிஎஸ் அகாடமிக். கேட்டல், வாசித்தல், எழுத்து, பேச்சு என அதற்கு நான்கு பகுதிகள்.

செலவு: வகுப்புக்குக் கட்டணம் உண்டு, சுயமாகப் படிப்பவருக்கு மாதிரி வினாத்தாள்களும் ஒரு கடிகாரமும் பெரும்பாலும் போதும்.

கேட்டல், வாசித்தல்: தலா 40 வினாக்கள். விடைக்குறிப்பைக் கொண்டு தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்பதால், வகுப்பால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவே.

எழுத்து: வேறுபாடு பெரிதாகத் தெரிவது இங்கேதான். 60 நிமிடங்களுக்குள், ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்துக் குறைந்தது 150 சொற்களும், ஒரு கருத்தை வாதிட்டுக் குறைந்தது 250 சொற்களும் எழுத வேண்டும். இரண்டாவது பணிக்கே இருமடங்கு மதிப்பு என்பதை மறந்து, வரைபடத்திலேயே நேரத்தைக் கரைத்துவிடுவோர் உண்டு. தம் பிழை தம் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே திருத்தித் தரும் ஆசிரியர் தேவைப்படுகிறார். மனப்பாடக் கட்டுரைகளை வழங்கும் வகுப்போ, வகுப்பே இல்லாததைவிடக் கேடு.

பேச்சு: 11 முதல் 14 நிமிடங்கள் தேர்வாளருடன் உரையாட வேண்டும். தனியே படிப்பவர் தம் குரலைப் பதிவுசெய்து கேட்கலாம்; எனினும் எதிர்பாராத துணைக்கேள்விகளுக்குப் பழக இன்னொருவர் வேண்டும்.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே தெளிவாக எழுதுபவருக்குச் சுயபடிப்பே போதுமானது. எழுத்தில் மட்டும் 9-க்கு 6 புள்ளியில் தேங்கி நிற்பவர், முழு வகுப்பில் சேராமல் கட்டுரைகளைத் திருத்துவதற்கு மட்டும் ஓர் ஆசிரியரை நாடலாம். அடிப்படை இலக்கணமே தடுமாறுபவருக்கும், கால அட்டவணையைத் தாமாகப் பின்பற்ற இயலாதவருக்கும் வகுப்பே பொருந்தும்.