சுங்கை சிப்புட்டில் வயலின், வியோலா, செல்லோ பழுதுபார்க்க நல்ல இடம்

பழைய கடைவரிசையில், தையற்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்தப் பட்டறை. வில்லால் வாசிக்கும் கருவிகளை மட்டும்தான் எடுப்பார்கள். தேவாலயத்திலும் கல்யாண விருந்திலும் நால்வராகச் சேர்ந்து வாசிக்கும் பிள்ளைகள், ஈப்போவுக்குப் போகுமுன் இங்கே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

காரணம் இதுதான். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நான்கையும் ஒரே நாளில் கொண்டுபோனால், நால்வரையும் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பட்டறைக்காரர் கருவியில் கை வைக்கிறார். நால்வர் குழுவுக்கு நடத்துநர் கிடையாது; ஒரு வயலின் கூச்சலிட்டால் அடக்க ஆளில்லை. அப்போது அடிபடுவது, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாதான். அதன் கீழ்க்கம்பி வயலினின் கீழ்க்கம்பியைவிட ஐந்து சுரம் தாழ்ந்தது. அந்தச் சுருதிக்கு உடல் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் தாடையில் தாங்கி வாசிக்க வேண்டுமே என்று 38 முதல் 42 சென்டிமீட்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் சி எனப்படும் அந்தக் கீழ்க்கம்பி மந்தமாகப் பேசுகிறது.

இதற்கு அவர் முதலில் பார்ப்பது சவுண்ட்போஸ்ட்டை. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் சிறு மரக்குச்சி அது. வயலினில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பருமன். பசை எதுவும் கிடையாது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பிரிட்ஜ் பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே பொதுவாக ஒலி கூர்மையாகும், விலக்கினால் தணியும். கத்துகிற முதல் வயலினைத் தணித்து, வியோலாவைக் கூர்மையாக்கி, மறுபடி வாசிக்கச் சொல்கிறார். பொறுமையான வேலை, அருமையான காது. கம்பி மாற்றும்போதும் ஒவ்வொன்றாகத்தான் கழற்றுகிறார். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் அந்தக் குச்சி உள்ளே விழுந்துவிடலாம். வீட்டில் மாற்றுகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

நம் ஊர் ஈரத்தில், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடை இறுகும். ஏர்கோன் மண்டபத்துக்குள் போனதும் மரம் சுருங்கி, பிரடை வழுக்கி, சுருதி இறங்கும். சாக்பீஸைத் தேய்த்துத் தள்ளாமல், பிரடையைக் கழற்றித் துடைத்து, மரம் உரசும் இரண்டு வளையங்களில் மட்டும் அதற்கான களிம்பைத் தடவுகிறார். வெயிலில் காருக்குள் கிடந்து பலகை ஓரம் விட்டுப்போன கருவிக்கு, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம்தான் போடுவார், வெள்ளைப் பசை கேட்டால் மறுத்துவிடுவார். அது சரி. வச்சிரம் சூட்டிலும் ஈரத்திலும் தானே விட்டுக்கொடுத்துப் பலகை வெடிக்காமல் காப்பாற்றும். வெள்ளைப் பசை போட்ட ஓரத்தை அடுத்த முறை திறந்தால் மரமும் சேர்ந்து பிய்ந்து வரும்.

கர்நாடக இசைக்கு ச-ப-ச-ப என்று சுருதி வைக்கும் வயலினா, மேற்கத்திய இசைக்கு ஜி-டி-ஏ-ஈ என்று வைக்கும் வயலினா என்று முதலிலேயே கேட்டு, அதற்கேற்ற கம்பி போடுகிறார்.

வில் வேலைதான் சுமார். வில்லின் முடியை இறுக்கமாகக் கட்டிவிடுகிறார். ஈரத்தில் முடி நீளும், ஏர்கோனில் சுருங்கும். மிச்சம் விடாமல் கட்டிய வில்லை அங்கே தளர்த்தவே முடியாது, நாளடைவில் வில்லுக்குச்சியின் வளைவு கெட்டுவிடும். கொடுக்கும்போதே கொஞ்சம் நீளம் விடச் சொல்லுங்கள். முடி மாற்ற 90 ரிங்கிட், நியாயம்தான். வியோலா சி கம்பி கையிருப்பில் இருப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு வாசிப்பவர்கள் அக்டோபரிலேயே சொல்லி வைப்பது நல்லது.

செல்லோ கொண்டுபோகிறவர்கள் பின்பக்கப் படியில் ஏறுங்கள். முன்படி குறுகல், திருப்பத்தில் கருவியின் கழுத்து சுவரில் இடிக்கும்.