ஜின் வாலை: முழுச் செம்பா, எவர்சில்வர் பானையில் செம்புத் தலையா?

ஜூனிப்பர் பழம் மணக்கும் மதுவான ஜின்னை வடிக்கச் சொந்தமாக ஒரு வாலை (கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்த்து வடிக்கும் பாத்திரம்) கட்ட ஆசைப்படுகிறவர் முதலில் தேடுவது செம்புத் தகட்டைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெங்காயம் போல உப்பிய தலை, அன்னத்தின் கழுத்தாக வளைந்து இறங்கும் குழாய், சுத்தியல் தழும்பு மினுங்கும் அடிப்பானை என்று மனசுக்குள் ஒரு படம் இருந்தது. முழுக்கச் செம்பிலேயே 12 லிட்டர் கொள்ளும் வாலையைக் கட்டி முடிக்க நான்கு மாதம் பிடித்தது. பிறகு, எவர்சில்வர் பால் கேன் ஒன்றை அடிப்பானையாக வைத்து, அதன் மேல் செம்புக் குழாயும் வாசனைச் சரக்குக்கு ஒரு கூடையும் பொருத்தி இரண்டாவதைக் கட்டினேன். அதற்கு மூன்று வார இறுதி போதுமாக இருந்தது. அனுமதி பெற்று சிறு வடிசாலை நடத்தும் நண்பர் ஒருவர், புதுக் கலவைகளைச் சோதித்துப் பார்க்க இரண்டையும் பயன்படுத்துகிறார். ஒரே வாசனைச் சரக்கை, ஒரே ஸ்பிரிட்டை இரண்டிலும் வடித்து, கண்ணாடிக் குவளைகளை அடுத்தடுத்து வைத்து மோந்து பார்த்திருக்கிறேன். செம்பைப் பற்றி எனக்கு இருந்த எண்ணத்தில் பாதி அங்கே மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் மது வடிப்பது, சொந்த உபயோகத்துக்கே என்றாலும், பெரும்பாலான நாடுகளில் குற்றம். 1996 முதல் வீட்டு உபயோகத்துக்கு அனுமதிக்கும் நியூசிலாந்து ஒரு விதிவிலக்கு. சில இடங்களில் வாலையை வைத்திருப்பதற்கே பதிவு வேண்டும். வாங்கும் முன்னால், வெட்டும் முன்னால், உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும், சட்டம் இடம் தரும் இடங்களில், தீநீரும் (பன்னீர் போல வடித்த வாசனை நீர்) வாசனை எண்ணெயும் இறக்க இதே வாலை உதவும்; கீழே உள்ள உலோக விஷயங்கள் அதற்கும் அப்படியே பொருந்தும்.

செம்பு செய்யும் வேலை என்ன?

நொதித்த ஊறலில் ஈஸ்ட் கந்தகச் சேர்மங்களை விட்டுவைக்கும். அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோஸ் மாதிரி வாடை அடிப்பது அவற்றால்தான். சூடான ஆவி செம்பைத் தொடும்போது கந்தகம் செம்போடு பிணைந்து உலோகத்தின் மேல் கறுப்புப் படலமாகத் தங்கிவிடுகிறது. ஆவி சுத்தமாக மேலே போகிறது. விஸ்கி வடிப்பவர்கள் செம்பை விடாமல் பிடித்திருப்பதற்கு இது உண்மையான காரணம்.

ஆனால் ஜின் ஊறலிலிருந்து தொடங்குவதில்லை. ஏற்கெனவே வடித்துச் சுத்தப்படுத்திய, தனி ருசி இல்லாத ஆல்கஹாலான நியூட்ரல் ஸ்பிரிட்டிலிருந்து தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறைப்படி அந்த ஸ்பிரிட்டே குறைந்தது 96 சதவீதச் செறிவோடு இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு வடிக்கும்போதே கந்தகம் பெரும்பாலும் கழன்றுவிடும். ஆக, செம்பைப் புகழ்ந்து சொல்லும் முதல் காரணம் ஜின்னுக்கு வரும்போது பாதி வலு இழந்துவிடுகிறது. அடிப்பானை முழுவதும் செம்பாக இருந்தால் ஜின் ருசிக்கும் என்று யாராவது சொன்னால், ஸ்பிரிட்டையும் நீங்களே ஊறல் போட்டு வடிக்கிறீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அவர் சொல்வது சரி. இல்லையென்றால் அவர் விஸ்கியின் நியாயத்தை ஜின்னுக்குச் சொல்கிறார்.

மீதி வலு சூட்டில் இருக்கிறது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு, சுமார் 400 வாட் என்றால் எவர்சில்வருக்கு 15, 16 தான். 1 மில்லிமீட்டர் தகட்டில் சூடு உள்ளே போய்ச் சேர்வதில் இது பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் பக்கவாட்டில் பரவுவதில்தான். எவர்சில்வரில் தீ தொடும் இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்க, நான்கு விரல் தள்ளி அமைதியாக இருக்கும். ஜூனிப்பர் பழமும் கொத்தமல்லி விதையும் அந்தச் சூட்டுப் புள்ளியில் போய் உட்கார்ந்தால் அடிபிடிக்கும். அடிபிடித்த வாடை ஜின்னில் ஏறிவிட்டால் எதைச் செய்தும் எடுக்க முடியாது. செம்பில் எனக்கு இது ஒருமுறையும் நடக்கவில்லை. எவர்சில்வரில் சரக்கை நேராகப் பானைக்குள் போட்ட முதல் முறையே நடந்தது. அதன் பிறகு அந்தப் பானைக்குள் ஸ்பிரிட்டும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் போடுவதில்லை, சரக்கெல்லாம் கூடைக்கு.

ஊறவைப்பதா, ஆவியில் காட்டுவதா?

உலோகத்தைவிட ருசியை அதிகம் மாற்றுவது இந்தத் தேர்வுதான். செம்பு வாலையில் சரக்கை ஸ்பிரிட்டிலேயே ஊறப்போட்டு வடிக்கிறோம். இரண்டாவதில் ஸ்பிரிட் மட்டும் கொதிக்க, ஏறும் ஆவி கூடைக்குள் இருக்கும் சரக்கைத் துளைத்துக்கொண்டு போகிறது. பெரிய வடிசாலைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. பீஃபீட்டர் 24 மணி நேரம் ஊறவைத்து வடிக்கிறது. பாம்பே சஃபையர் ஆவிக் கூடையை நம்புகிறது. ஹெண்ட்ரிக்ஸ் இரண்டையும் வைத்திருக்கிறது: 1860-ஐச் சேர்ந்த பென்னெட் வாலையில் ஊறவைத்து ஒன்று, 1948-ஐச் சேர்ந்த கார்ட்டர் ஹெட் வாலையில் ஆவி காட்டி ஒன்று, பிறகு கலப்பு. ஒன்றே போதும் என்றிருந்தால் இரண்டை வைத்துப் பராமரிக்க மாட்டார்கள்.

எங்கள் கண்ணாடிகளில் தெரிந்தது இது. ஊறவைத்ததில் ஜூனிப்பர் கனமாக, பிசின் வாடையோடு, நாக்கில் எண்ணெய் பூசியது மாதிரி நின்றது. ஏஞ்செலிகா வேரின் மண்வாசமும் முழுசாக வந்தது. கூடையில் வந்தது மெலிது. ஆரஞ்சுத் தோலும் ஏலமும் முன்னால் நின்றன, வேர்கள் பின்வாங்கிவிட்டன. வேரிலிருந்து வாசனையைக் கறந்தெடுக்க ஆவி ஒருமுறை தடவிப் போவது போதாது, ஊற வேண்டும். புத்தம் புது எலுமிச்சைத் தோலுக்கு நேர்மாறு: மணிக்கணக்கில் வெந்தால் அது மர்மலேடு ஜாம் ஆகிவிடும். என் விருப்பத்தைக் கேட்டால் ஊறவைத்ததையே சொல்வேன். ஜின் என்றால் எனக்கு ஜூனிப்பர்தான் முதலில் மூக்கில் ஏற வேண்டும்.

கூடை கட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சரக்கை அழுத்தித் திணிக்காதீர்கள். பொடித்த கொத்தமல்லி நனைந்து உப்பினால் ஆவி போகும் வழி அடைபடும். வாலை எப்போதும் ஒரு முனை திறந்திருக்க வேண்டிய பாத்திரம்; வழி அடைபட்டால் அது குண்டு. சரக்கை முழுசாகவோ ஒன்றிரண்டாகத் தட்டியோ, தளர்வாகப் போடுங்கள். கூடையின் விட்டம் குழாயின் விட்டத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

பற்றாசு விஷயத்தில் சமரசம் இல்லை

இரண்டு வாலைகளிலும் ஆபத்து ஒளிந்திருப்பது மூட்டுகளில். எந்த உலோகம் என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது எதை வைத்துப் பற்றவைக்கிறோம் என்பதில் செலவழிக்க வேண்டும்.

பற்றாசு என்பது மூட்டுகளை ஒட்ட உருக்கி ஊற்றும் உலோகம்; பழைய பிளம்பிங் பற்றாசில் பாதி ஈயம். சூடான ஆல்கஹால் ஆவியும் சிறிது அமிலமும் அதைத் தினமும் நக்கிக்கொண்டிருந்தால் ஈயம் கண்ணாடிக்குள் வந்துசேரும். பழைய கார் ரேடியேட்டரைக் கண்டன்சராக (ஆவியைக் குளிர்த்துத் திரவமாக்கும் பகுதி) வைத்து வடித்த கள்ளச் சாராயத்தைக் குடித்து ஈய விஷம் ஏறியவர்களின் கதை மருத்துவப் பதிவுகளில் நிறைய உண்டு. ஆகவே பெயர்ச்சீட்டு இல்லாத பற்றாசுச் சுருளைத் தொடாதீர்கள். மீதமிருப்பவை மூன்று: ஈயமில்லாத வெள்ளீயப் பற்றாசு, வெள்ளிப் பற்றாசு, ரிவிட் அடித்து மடித்த மூட்டு.

வெள்ளீயப் பற்றாசு எளிது. 220 முதல் 240 டிகிரியில் உருகி மூட்டின் இடுக்குக்குள் தானாக ஓடும். என் செம்பு வாலையின் அடிமூட்டை முதலில் இதில்தான் போட்டேன். முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில். கடைசியில் தண்ணீர் குறைந்து மட்டம் இறங்கியதும், பானையின் பக்கம் ஏறிய தீ ஈரமில்லாத செம்பைத் தொட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி வெள்ளை உலோகம் மூட்டிலிருந்து திரண்டு, அடுப்பு வளையத்தில் சொட்டென்று விழுந்தது. உள்ளே ஸ்பிரிட் இருந்திருந்தால் அடுத்த நொடி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. 40 சதவீத ஆல்கஹாலே 26 டிகிரி சூட்டில் தீப்பிடிக்கும் ஆவியை விடும். அன்றோடு தீ தொடும் இடத்தில் வெள்ளீயத்தை விட்டுவிட்டேன். திறந்த தீயையும் விட்டுவிட்டேன். இப்போது மின்தட்டு அடுப்புதான்.

வெள்ளிப் பற்றாசு 600 டிகிரிக்கு மேல் உருகும். பொடி வைத்து ஊதுவது என்று பேச்சில் சொல்கிறோமே, அதை அப்படியே செய்ய வேண்டும். வெங்காரத்தை (போராக்ஸ்) குழைத்து மூட்டில் தடவி, தீயை மூட்டின் மேல் நிறுத்தாமல் சுற்றியுள்ள செம்பைச் சூடாக்க வேண்டும். வெங்காரம் முதலில் பொரிந்து வெள்ளையாக உப்பும், பிறகு படிந்து கண்ணாடி நீராகத் தெளியும். அந்தத் தெளிவுதான் அடையாளம். கம்பியை அப்போது தொட்டால் மூட்டைச் சுற்றி மின்னலாக ஓடும். அதற்கு முன் தொட்டால் உருண்டு நிற்கும். காட்மியம் கலக்காத கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வகைகளில் அது உண்டு, அதன் புகை கொல்லும். செம்போடு செம்பைச் சேர்க்கப் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி போதும், வெங்காரம்கூட வேண்டாம். ஆனால் அதை எவர்சில்வரோடு பயன்படுத்தினால் மூட்டு நொறுங்கும் தன்மையாகிவிடும். இரண்டாவது வாலையில் கழுத்தை டெஃப்லான் வளையம் வைத்த கிளாம்பில் சேர்த்ததற்கு இதுவும் காரணம். கழற்றிக் கழுவ வசதி என்பது இன்னொன்று.

ரிவிட் மூட்டு பார்க்க அழகு. ஆவி கசியாமல் அடிக்கப் பழகிய கை வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை.

கைவேலை

இதில் செம்புக்கு ஈடே இல்லை. தட்டத் தட்ட இறுகும். மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் திரும்பவும் இளகும். எஃகு அப்படி முக்கினால் இறுகுமே என்று பயப்பட வேண்டாம், செம்பு இறுகாது. முக்கி எடுத்ததும் கறுப்புச் செதில் உதிர்ந்து உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு நிறம் தெரியும். அந்தத் தகடு கையாலேயே வளையும். தலையை நான் இரண்டு கூம்பாகப் பிரித்து வெட்டினேன். கூம்பின் அடி ஆரத்தைச் சாய்வு நீளத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் தகட்டில் வரைய வேண்டிய கோணம் கிடைக்கும்: ஆரம் 10 செ.மீ., சாய்வு 15 செ.மீ. என்றால் 240 டிகிரி. காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுத் தகட்டில் கை வையுங்கள். எவர்சில்வரை இப்படி வளைக்க வீட்டுச் சுத்தியலால் ஆகாது. ஆயத்தப் பாத்திரம் வாங்குவதுதான் வழி. அதில் குறை ஒன்றும் இல்லை.

பராமரிப்பில் எவர்சில்வர் முந்துகிறது. செம்பும் களிம்பும் கூடப்பிறந்தவை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரால் அலசிக் காயவைக்காவிட்டால் அடுத்த வடிப்பின் முதல் துளிகள் நீலப்பச்சையாக இறங்கும். அப்படி இறங்கினால் கொட்டிவிட்டுத் திரும்பக் கழுவுங்கள்.

கண்டன்சரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தொட்டிக்குள் சுருள் குழாயோ, குழாய்க்குள் குழாயோ, எதுவானாலும் அடுப்பு கொடுக்கும் சூட்டை முழுசாக வாங்கினால் சரி. 2 கிலோவாட் அடுப்புக்கு, தண்ணீர் 20 டிகிரியில் நுழைந்து 60 டிகிரியில் வெளியேறுவதாக வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 0.7 லிட்டர் ஓட வேண்டும். சுருள் வளைக்கும் முன் குழாய்க்குள் உப்பு நிரப்பி இரு முனையையும் அடைத்துக்கொண்டால் மடிந்து நசுங்காது. பிறகு தண்ணீரில் கரைத்து எடுத்துவிடலாம்.

இரண்டு வாலைக்கும் பொதுவான இன்னொன்று: வாலை நஞ்சை நீக்கும் கருவி அல்ல. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.3-ல், ஆகவே முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த பானையில் அப்படிக் கோடு போட்ட மாதிரி பிரியாது. மெத்தனால் ஓட்டம் முழுக்கத் தொடர்ந்து வரும். குடிப்பதற்கென்று விற்கும் நியூட்ரல் ஸ்பிரிட் தவிர வேறு எதையும், முக்கியமாகத் தொழிற்சாலை ஸ்பிரிட்டை, பானைக்குள் ஊற்றக் கூடாது.

ஒன்றே ஒன்று கட்டப்போகிறீர்கள் என்றால், எவர்சில்வர் அடிப்பானையும் செம்புத் தலையும் என்பேன். தலை, கழுத்து, கூடைக்கூடு வரை செம்பு இருக்கட்டும். ஸ்பிரிட்டில் ஏதாவது கந்தகம் மிச்சமிருந்தாலும் ஆவி அங்கே அதை இறக்கி வைத்துவிடும். கூடையைக் கழற்றும்படி செய்துகொண்டால், வேரையும் ஜூனிப்பரையும் தனி ஜாடியில் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டிப் பானையில் ஊற்றி, தோலையும் ஏலத்தையும் மட்டும் கூடையில் வைக்கலாம். சரக்கு அடியில் இல்லாததால் அடிபிடிக்கும் பயமும் போய்விடும். போன மாதம் நண்பரும் நானும் இப்படி ஒன்றை வடித்தோம். முழுச் செம்பு வாலையின் கனம் முக்கால்வாசி இருந்தது, கூடையின் ஆரஞ்சு வாசமும் இருந்தது. நண்பர் அந்தக் கண்ணாடியில் தண்ணீர் சேர்த்ததும் ஜின் லேசாகப் பால் போலக் கலங்கியது. ஜூனிப்பர் எண்ணெய் வேண்டிய அளவுக்கு மேலேயே ஏறியிருந்தது. அடுத்த முறை ஜூனிப்பரைக் கொஞ்சம் குறைத்துப் போட எடை குறித்து வைத்திருக்கிறோம்.